உப்புக் கம்பத்தில் கட்டிய ரிப்பன்

சாரிகுதுக் ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள், கனிபா ஒரு தொடைநடுங்கி என்று. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். காலை டீக்கு முன்னால் போன் அடித்தால் எடுக்க மாட்டாள். கெட்ட செய்தியாகத்தான் இருக்குமாம். நரி ஊளையிட்டால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு மகளைத் தேடி ஓடுவாள். எல்லாவற்றையும்விடக் காற்றுக்குப் பயம். கடலோரப் பாலைவெளியான எங்கள் மங்கிஸ்தாவில் இருந்துகொண்டு காற்றுக்குப் பயந்தால் எப்படி? கடலில் இருந்து அது கிளம்பினால் குறுக்கே நிற்க ஒரு மரம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயந்து பயந்து கவனித்ததாலேயே காற்றின் நடமாட்டம் அவளுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு, இது எங்கே இருந்து வருகிறது, எப்போது திரும்பும் என்று சொல்லிவிடுவாள். அதையும் நாங்கள் கேலிதான் செய்தோம்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் வயிறு திறக்கவில்லை. பன்னிரண்டாம் வருஷம் சிம்பாத் பிறந்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் சந்தோஷம் வரும் என்பார்கள். கனிபாவுக்கோ இருந்த தூக்கமும் போயிற்று. இவ்வளவு நாள் கழித்துக் கையில் வந்ததை யாராவது தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று ஓயாத உதறல். கணவன் அமன்டிக் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான். பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் வீட்டில். அவன் இல்லாத பதினைந்து நாளும் அவள் எரிகிற அடுப்பு மேல் நிற்பது மாதிரிதான் இருந்தாள்.

அவள் வேலை எங்கள் பாலர் பள்ளியில் சமையல். வீட்டில் மூன்று பெண் ஒட்டகங்கள். பாலைப் புளிக்க வைத்து ஷுபாத் செய்வாள். நெஞ்சுச் சளிக்காரர்கள் நகரத்தில் இருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். குறை சொல்லக் கூடாது, கனிபாவின் ஷுபாத் மாதிரி நான் எங்கேயும் குடித்ததில்லை.

முதல் ஒட்டகம் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இலையுதிர் காலத்தில். நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தீனி எடுக்கவில்லை. ஒருநாள் மேய்ச்சலுக்குப் போனது திரும்பி வரவில்லை. ஊருக்குக் கிழக்கே உப்புப் பள்ளத்தில் தேடிக் கண்டுபிடித்தபோது நாயும் கழுகும் வேலையை முடித்திருந்தன. விலா எலும்புகளுக்கு நடுவே வெளுத்துப் போன மஞ்சள் நூல் ஒன்று, முடிச்சு முடிச்சாகச் சுற்றிக் கிடந்தது. போன வருஷம் இரண்டாவது ஒட்டகமும் அப்படியே போயிற்று. அதன் விலாவில் சிவப்பு நூல். அதிலும் முடிச்சு.

முடிச்சுப் போட்ட நூல் என்றால் எங்கள் பக்கம் ஒரே ஒரு அர்த்தம்தான். செய்வினை. நீங்களாக இருந்தால் உடனே வேறு மாதிரி யோசித்திருப்பீர்களோ என்னவோ. கனிபாவுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ தன் ஒட்டகத்தைக் கொன்றதும் போதாமல், பிணத்தில் வந்து மந்திர நூலும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து யார்? மூன்றாவது ஒட்டகமா, மகளா? நாக்கில் சொன்னால் பலித்துவிடும் என்று கணவனிடம்கூடச் சொல்லவில்லை. மனசுக்குள் மட்டும் ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஓதெகென். அவனுக்கு நாற்பது ஒட்டகம், ஒன்றுகூடச் சாகவில்லை. போதாக்குறைக்கு, "என்னம்மா, ஒட்டகத்துக்குக் கண்ணு பட்டுடுச்சா? வெச்சது நான்தான்னு வெச்சுக்கோயேன்!" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லித் தொலைத்திருந்தான். அதற்கப்புறம் கனிபா அந்த வீட்டு டீயைத் தொடவே இல்லை.

மிஞ்சியது ஷோல்பான் ஒன்றுதான். விடிவெள்ளிக்கு எங்கள் பேச்சில் ஷோல்பான். விடிகிற நேரத்தில் குட்டிக்குப் பால் கொடுக்கத் தானே வீடு வந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். இந்த ஏப்ரலில் அதற்கு ஒரு குட்டி. அது போனால் குட்டியும் போகும், கொட்டடி காலி. "ஒட்டகம் இல்லாத எடத்துல நீயும் குழந்தையும் தனியா எதுக்கு? நகரத்துக்கே வந்துடுங்க, ஒரு ரூம் பாத்துக்கலாம்" என்று அமன்டிக் சொல்லியே விட்டான். நகரமா! ரோட்டில் போகிற கார்களை நினைத்தாலே மகளின் கையை எட்டிப் பிடித்துக்கொள்வாள்.

இப்படியிருக்கும்போதுதான் மே மாதம் வந்தது. பாலர் பள்ளி முடிக்கிற பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. இந்த வருஷம் சிம்பாத்தும் அதில் ஒருத்தி. எங்கள் தலைமை ஆசிரியை ரிஸ்தி இருக்கிறாளே, நகரத்தில் எதைப் பார்த்தாலும் இங்கே கொண்டுவந்து இறக்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கொண்டுவந்து இறக்கியது பலூன் விடுகிற வழக்கம். நகரத்தில் இருந்து வேனில் வரும், கேஸ் அடைத்து, நீள ரிப்பன் கட்டி. ஒவ்வொரு வருஷமும் ஒரு நிறம். பிள்ளைகள் மனசுக்குள் ஒரு ஆசையை நினைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று விடுவார்கள். நாங்கள் கைதட்டுவோம், போட்டோ எடுப்போம், கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அப்புறம் எண்ணெயில் பொரித்த பாவுர்சாக் பணியாரம் தின்னப் போய்விடுவோம். இந்த வருஷம் நீலம்.

கனிபா பணியாரத் தட்டோடு நின்றவள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தின நாளே அடைத்த பலூன்கள் போலிருக்கிறது, பாதி சோர்ந்திருந்தன. மேலே மேலே போகாமல் கிழக்கே சாய்ந்து தாழ்வாக மிதந்தன.

"அக்கா, இதெல்லாம் எங்க போயி விழும்?" என்று ரிஸ்தியிடம் கேட்டாள்.

"ஏண்டி, மேல போறது எதுக்குடி விழணும்? வானத்துக்குப் போவுது!"

"இல்லக்கா, கடல்காத்து அடிக்குது. உப்புப் பள்ளத்துப் பக்கம்..."

"பாத்தீங்களா இவள!" ரிஸ்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாய்க்குப் பயம், போனுக்குப் பயம், இப்ப பலூனுக்கும் பயம். புள்ளைங்க ஆசைடி அது. ஆசை போற வழியில நீ நின்னு எங்க போறன்னு கேக்காத. போ, டீ ஆறுது."

எல்லாரும் சிரித்தோம். கனிபாவும் சிரித்து வைத்தாள்.

பெரிய விழாவில் இருந்து யாரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. ஒரு துண்டுத் துணி, ஒரு கயிறு, ஒரு பிடி மிட்டாய், ஏதாவது ஒன்று. அதைத் தெபெரிக் என்போம். விசேஷத்தில் இருந்து வந்த பொருள், அதோடு விசேஷமும் வீட்டுக்கு வரும். நம் சொந்தப் பிள்ளையின் விழாப் பொருள் என்றால் கேட்க வேண்டுமா? வாசலில் கட்டியிருந்த மிச்சப் பலூன்களைப் பெண்கள் பங்கு போட்டபோது கனிபாவுக்கு ஒரு கொத்து கிடைத்தது. ஆறேழு நீலப் பலூன், முழ நீள ரிப்பன்கள்.

அவள் அதை எங்கே கட்டினாள் என்பதுதான் விஷயம். கொட்டடியில் ஒரு கம்பம் உண்டு. ஒட்டகம் நக்குவதற்கு உப்புக்கல்லை அதில்தான் தொங்க விடுவார்கள். ஷோல்பான் நாளெல்லாம் எங்கே திரிந்தாலும் அந்தக் கம்பத்துக்கு வந்துதான் ஆகும். அங்கே கட்டினால் கண்ணேறும் செய்வினையும் கிட்ட வராது என்று கணக்குப் போட்டாள். சிம்பாத்தின் தொட்டிலில் கண்ணேறு படாமலிருக்கத் தொங்கிய நீல மணி ஒன்றை ஆறு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதையும் எடுத்து ரிப்பனில் கோத்து, உப்புக்கல்லுக்குப் பக்கத்திலேயே இறுகக் கட்டிவிட்டாள். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று பின்னால் எங்களிடம் சொன்னபோது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாளில் கம்பத்தில் ஒன்றும் இல்லை. மணியும் இல்லை.

"காத்து கொண்டு போயிடுச்சு" என்று நினைத்தாள். காவல் போய்விட்டதே! உள்ளே ஓடிப்போய் மகள் விளையாடிக்கொண்டிருந்த மிச்ச ரிப்பன்களை வாங்கி, அழ அழ வாங்கி, மறுபடியும் அதே கம்பத்தில் கட்டினாள். இந்தத் தடவை இரண்டு முடிச்சு.

அதற்கு மறுநாள் ஷோல்பான் தீனி எடுக்கவில்லை.

முதலில் ஒட்டகமுள்ளை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு அசைபோடுவது நின்றது. ஒட்டகம் சும்மா இருக்கும்போது தாடை ஆடிக்கொண்டே இருக்கும். அது ஆடாமல் நின்றால் என்னமோ போல இருக்கும், வீட்டில் கடிகாரம் நின்ற மாதிரி. இடது பக்க வயிறு தோல் இழுத்துக் கட்டின மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. சாணி போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. மடியில் கைவைத்தால் ஒரு கிண்ணம் பால்கூட வரவில்லை. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓவென்று கத்தியது. கனிபா காட்டுச்செடி வேரைக் கொளுத்திப் புகை போட்டாள். மூன்று முறை சுற்றி வந்தாள். கம்பத்தைப் பார்த்தாள், இரண்டாவது தடவை கட்டியதும் காணவில்லை. யாரோ ராத்திரியில் கொட்டடிக்குள்ளேயே வந்து போகிறார்கள்!

சுவருக்கு மேலே ஓதெகெனின் தலை தெரிந்தது. அவன் பார்த்தவுடனே புரிந்துகொண்டான்.

"கனிபா, சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காத. மூச்சு இருக்கும்போதே அறுத்துடணும். செத்துப்போச்சுன்னா நாய்க்குத்தான். கத்தி எடுத்துட்டு வரேன்."

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்!"

அவள் போட்ட சத்தத்தில் ஓதெகென் ஆடிப்போய்விட்டான். கனிபாவின் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. கத்திவிட்டு அவளே பயந்துபோய் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அமன்டிக்குக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஷோல்பானும் போயிடும் போல இருக்குங்க."

"அழுவாத. டாக்டரக் கூப்டியா?"

"அந்தப் பொண்ணு வயித்தக் கிழிக்குறவளாமே..."

"கிழிச்சாத் தைக்கவும் தெரியும் அவளுக்கு. ஓதெகென் கத்தி தைக்காது. கூப்புடு மொதல்ல."

கால்நடை டாக்டர் பால்சியாவுக்கு இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினாள். அன்று குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. சிம்பாத் புது கவுனைப் போட்டுக்கொண்டு காலையிலேயே ஓடிவிட்டாள். பால்சியா வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள்.

"அக்கா, உள்ள ஏதோ அடைச்சிருக்கு. இன்னைக்கே தொறக்கணும். தொறந்தாலும் பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. தொறக்கலன்னா நாளைக்கு இருக்காது."

கனிபா தலையை ஆட்டினாள். ஒட்டகத்தை மண்டியிட வைத்துக் காலைக் கட்ட ஒரு ஆள் வேண்டும். பால்சியா சுவரைப் பார்த்து, "மாமா, அங்கயே நின்னு வேடிக்கை பாக்காதீங்க, வாங்க" என்றாள். ஓதெகென் வந்தான். இடுப்பில் கத்தி இருந்தது.

"அத வெச்சுட்டு வாங்க மாமா. ஒரு கத்தி போதும் இங்க."

இடது விலாவுக்குக் கீழே முடியை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, பால்சியா கோடு கிழித்த மாதிரி அறுத்தாள். கனிபா ஷோல்பானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஒட்டகம் ஒரு முறை முனகியது. புளித்த வாடை குப்பென்று வந்தது. பால்சியாவின் கை தோள்வரை உள்ளே போயிற்று.

"இருக்கு" என்றாள். "கயிறு மாதிரி இருக்கு. அம்மாடி, வந்துகிட்டே இருக்கு..."

கனிபா கண்ணைத் திறந்தாள். பச்சைக் கூழோடு ஒரு திரி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒன்றோடொன்று முறுக்கி, முடிச்சு விழுந்து, கைப்பருமன் இருந்தது. நடுநடுவே ரப்பர் துண்டுகள், தோல் உரித்த மாதிரி. பால்சியா அதை வாளியில் போட்டாள், திரும்பக் கையை விட்டாள், இன்னும் எடுத்தாள். வாளித் தண்ணீரில் கூழ் கரையக் கரைய நிறம் தெரிந்தது. மஞ்சள். சிவப்பு. நீலம்.

மூன்று வருஷத்து விழாக்களும் அந்த வாளிக்குள் கிடந்தன.

கனிபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. விலா எலும்புக்கு நடுவே கிடந்த நூலை யாரும் கொண்டுவந்து கட்டவில்லை. அது உள்ளே இருந்தது. முடிச்சை எந்த மந்திரவாதியும் போடவில்லை, வயிறு போட்டிருக்கிறது. பள்ளத்தில் முள்ளில் மாட்டிக் கிடந்ததை எல்லாம் மூன்றும் தின்றிருக்கின்றன. அப்போது அந்த நீலத் திரியில் ஏதோ மினுங்கியது. கையை விட்டு எடுத்தாள். மகளின் தொட்டில் மணி.

"இத நான்தான் கட்டினேன்" என்றாள் மெல்ல. "உப்புக்கல்லுகிட்ட கட்டினேன். ரெண்டு தடவ. நானே ஊட்டியிருக்கேன்."

பால்சியா ஊசியில் நூல் கோத்தாள்.

"ஓதெகென் அண்ணா" என்றாள் கனிபா, "நான் உங்களத்தான் இத்தன நாளா..."

"தெரியும்மா. ஒரு வருஷமா எங்க வீட்டு டீயக் குடிக்கலையே நீ. டீத்தூள் எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்றான் அவன். சொன்னானே தவிர, சிரிப்பு வரவில்லை. அவன் கண் வாளியிலேயே இருந்தது. நாற்பது ஒட்டகம் அவனுக்கு, எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் மேய்கின்றன.

தையல் முடிந்தது. பால்சியா கையைக் கழுவினாள். "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லக்கா. சாயங்காலத்துக்குள்ள அசைபோட்டா பொழைச்சுடும். போடலன்னா..." என்று நிறுத்தினாள்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் ரிஸ்தியின் குரல் கேட்டது. "குழந்தைகளே, எல்லாரும் பலூன மேல தூக்கிப் புடிங்க பாக்கலாம்!"

கனிபா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எங்கள் ஊரில் நாய் குரைத்தால் சந்து மாறிப் போகிற கனிபா, நடுத்தெருவில், முழங்கை வரை பச்சைக் கூழோடு, முக்காடு நழுவி, வாளி இடிக்க இடிக்க ஓடினாள். மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகள் வரிசையாக, ஆளுக்கு ஒரு கொத்து வெள்ளைப் பலூன், இந்த நாளுக்கென்று ரிஸ்தி முந்தின நாளே வரவழைத்தது. ரிஸ்தி மைக்கைப் பிடித்தபடி "ஒண்ணு..." என்றாள்.

"விடாதீங்க!" என்று சொல்லத்தான் கனிபா வந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆயுசு முழுக்கக் கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்ததில்லை, இப்போது எங்கிருந்து வரும்? வேறு வழி தெரியாமல் வாளிக்குள் கையை விட்டு, அந்தத் திரியை அப்படியே தூக்கிக் காட்டினாள். பச்சையும் சிவப்புமாகச் சொட்டிக்கொண்டு, குடல் மாதிரி நீளமாக, நாற்றத்தோடு.

பிள்ளைகள் வீறிட்டார்கள். வீறிட்டுக் கையால் முகத்தை மூடினார்கள்.

முகத்தை மூடின கையில்தானே பலூன் இருந்தது. எல்லாம் போயிற்று. முன் வரிசையில் நின்ற சிம்பாத்தும் விட்டுவிட்டாள்.

"அடிப்பாவி! புள்ளைங்கள இப்படியாடி பயமுறுத்துவ?" ரிஸ்தி மைக்கிலேயே கத்தினாள்.

கனிபா மேலே பார்த்தபடி நின்றாள். தடுக்க வந்தவள் தானே அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இப்போது எப்படியோ பேச்சு வந்தது. "ஷோல்பான் வயித்துல இருந்துச்சு" என்றாள். "மத்த ரெண்டும் இதத் தின்னுதான் செத்துச்சு. மஞ்ச ரிப்பன் மொத வருஷம். செவப்பு போன வருஷம். நீலம் என் புள்ளையோடது. செய்வினைன்னு நெனச்சேன்க்கா. நாமதான் செஞ்சோம்."

ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ போய் அணைத்தார்கள். சிம்பாத் அம்மாவின் கையில் மணியைப் பார்த்துவிட்டு, "அது என்னோடதும்மா" என்றாள். நாங்கள் ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினோம். மூன்று வருஷமாக விட்டிருக்கிறோம். அப்புறம் அது எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். வெள்ளைப் புள்ளிகளாகச் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் கைதட்டவில்லை. எங்கள் வீட்டு ஒட்டகம் நான்கும் காலையில் அந்தப் பக்கம்தான் போயிருந்தன, குட்டிகளோடு.

ரிஸ்தி மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கும் இரண்டு ஒட்டகம் உண்டு.

"கனிபா" என்றாள், "இது எங்க போயி விழும்?"

கனிபா கண்ணை மூடிக் கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள். "கடல்காத்து. மத்தியானம் வரைக்கும் திரும்பாது. உப்புப் பள்ளம், கெழக்குக் கரை. அங்க முள்ளுப்புதர்ல மாட்டும்."

அதற்கப்புறம் ஒருவரையொருவர் பார்க்க நேரமில்லை. ஓதெகெனின் ஜீப்பில் முன்னால் கனிபா உட்கார்ந்து வழி காட்டினாள், பின்னாலேயே ஊரில் இருந்த வண்டி எல்லாம். விழாவுக்குப் பட்டு உடுத்தி வந்த பெண்கள் அப்படியே முள்ளுக்குள் இறங்கினார்கள். அவள் சொன்ன இடத்தில்தான் கிடந்தன, சில முழுசாக, சில கிழிந்து. பள்ளத்து ஓரத்தில் ஓதெகெனின் பெண் ஒட்டகம் ஒன்று தலையைத் தூக்கி நின்றது. உதட்டில் இருந்து வெள்ளை ரிப்பன் தொங்கியது, மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓதெகென் "ஐயோ!" என்று பாய்ந்து பிடித்தான். முழுசாக வந்ததா, அறுந்துவிட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை. ரிப்பனின் நுனியை உற்றுப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

சாக்குச் சாக்காகப் பொறுக்கினோம். எல்லாம் சிக்கவில்லை. மேலே போய் வெடித்துச் சிதறியவற்றை யார் கண்டது? சிக்காதது இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது. எங்கள் ஒட்டகங்களும் அங்கேதான் மேய்கின்றன, வேறு மேய்ச்சல் எங்களுக்கு இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கனிபா வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றே, "சிம்பாத், போயி பாத்துட்டு வா... வேண்டாம், நீ பாக்காத, நில்லு" என்றாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

ஷோல்பான் மண்டியிட்டபடியே இருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. தாடை ஆடிக்கொண்டிருந்தது.

அசைபோடுகிறது. பிழைத்துவிட்டது! பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால்சியா சிரித்துக்கொண்டே எழுந்தாள், "அக்கா, பாத்தீங்களா!" என்று. ஆனால் கனிபா அவளைப் பார்க்காமல் அந்தத் தாடையையே பார்த்தாள்.

"என்னத்த மெல்லுது?" என்றாள்.

"அக்கா..."

"என்னத்த மெல்லுதுடி அது?"

ஒரே பாய்ச்சலில் போய் ஷோல்பானின் தாடையைப் பிளந்தாள். ஒட்டகத்தின் கடவாய்ப் பல் விரலைத் துண்டாக்கிவிடும். அது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கனிபா மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். துழாவினாள். உள்ளே இருந்ததை எல்லாம் வழித்து எடுத்து வெளிச்சத்துக்கு வந்தாள். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்தாள், பிரித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

புல். வெறும் புல்.

"அம்மா, அது சாப்புடுதும்மா" என்றாள் சிம்பாத் அழுகைக் குரலில். "ஏம்மா புடுங்குற?"

கனிபா அந்தப் பச்சை உருண்டையைத் திரும்ப ஷோல்பானின் உதட்டருகே கொண்டுபோனாள். அது அவள் கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டது. தாடை மறுபடியும் ஆடத் தொடங்கியது. கனிபா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு மெல்லுக்கும் அவள் கண் அந்த வாயை விட்டு நகரவில்லை.